நரித் தொட்டியில் ஒரு பிணம்

பிணத்தை முள்ளங்கிப் பீப்பாய்களுக்கு நடுவில் கிடத்தியிருந்தார்கள். விடுதியிலேயே குளிர் அதிகமான அறை அதுதான். அதனால் வியாழக்கிழமை காலை உணவில் முள்ளங்கி ஊறுகாய் இல்லை. விருந்தினர் நாலு பேரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. பரிமாறியவள் கினு. என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வழக்கம் போல ஒரு முட்டை கூடுதலாக வைத்துவிட்டுப் போனாள். இந்த விடுதியில் பணிப்பெண் அவள் ஒருத்திதான்.

இறந்தவர் பெயர் மகாபே. ஐம்பது வயது, பெரிய தோள், பெரிய குரல். திங்கட்கிழமை கடைசி பஸ்ஸில் வந்தார். அவருக்குப் பின்னாலேயே பனி வந்து மலைப்பாதையை மூடிவிட்டது. முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்ததும் அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். வேகவைத்த கிழங்கில் என்ன நகைச்சுவை என்று எனக்கு அன்று புரியவில்லை. புதன்கிழமை மாலை நாலரைக்குக் குளிக்கப் போனார். ஆறு மணிக்கு வெந்நீர்க் காவலர் மொசுகே கதவைக் கோடாலியால் உடைத்து உள்ளே போனபோது, தொட்டி விளிம்பில் தலையைச் சாய்த்து, ரொம்பத் திருப்தியான முகத்தோடு செத்துப் போயிருந்தார்.

இங்கே தனிக்குளியல் குடில்கள் மூன்று. மான், நாரை, நரி. போகிறவர் உள்ளே தாழிட்டுக்கொண்டு வேண்டிய மட்டும் ஊறலாம். நரியின் ஊற்று மூன்றிலும் காரமானது. தேங்கினால் ஆளைக் கொல்லும் கந்தக வாயு தரையோடு தவழும். அது வெளியேறுவதற்கு சுவரின் அடியில் ஒரு சாண் சதுரத்துக்கு ஒரு துவாரம். அதைப் பனி அடைக்காமல் பார்த்துக்கொள்வது மொசுகேயின் வேலை. நாற்பத்தோரு வருடமாக அவருக்கு வேறு வேலை கிடையாது.

மேடமும் நானும் முள்ளங்கி அறையை விட்டு வெளியே வந்தோம். விடுதியின் முதலாளியம்மா ஹிசாயோ கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

“ஃபுமி, ரேடியோல சொல்லிட்டாங்கடி. பன்னெண்டு மணிக்குப் பனி வண்டி பாதையைத் திறந்துட்டு மேல வந்துடுமாம். பின்னாடியே போலீஸ். மொசுகேயைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

“அவர்தான் ஒத்துக்கிட்டாரே. துவாரத்தைப் பார்க்க மறந்துட்டேன், என் தப்புனு.”

“அதான்டி எனக்குச் சந்தேகமே. அவர் சம்சாரம் செத்த அன்னிக்குக்கூட மண்வெட்டியோட வந்து நின்ன மனுஷன். பொணம் வீட்டுல கிடக்கு, இவர் இங்க பனி அள்ளிட்டு இருக்காரு. நேத்து மட்டும் எப்படி மறப்பாரு?”

“மணி எட்டரை,” என்றார் மேடம். “மூணரை மணி நேரம் இருக்கு. பார்க்கறேன்.”

மேடம் என்றால் நிரசாவா ஃபுமி. முப்பது வருடம் போலீஸ். ஓய்வுக்குப் பிறகு செண்டாய் நகரத்தில் ஒரு நூடுல்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம். இடுப்பு வலிக்கு வெந்நீர் நல்லது என்று டாக்டர் சொன்னதால், பள்ளித்தோழி விடுதிக்கு வந்திருந்தார். நான் தொகுரா, உதவியாளன். பஸ் நிறுத்தத்திலிருந்து அவர் பெட்டியைத் தூக்கி வந்ததில் எனக்கும் இடுப்பு வலி வந்துவிட்டது.

மொசுகே ஊற்றுக்குப் பக்கத்திலிருந்த தன் குடிசையில் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. ஒரு துண்டு, ஒரு மாற்றுச் சட்டை, ஒரு பல் பிரஷ். மூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தார்.

“மறந்துட்டேம்மா. எழுதிக்குங்க.”

“எழுதறது இருக்கட்டும். ஆறு மணிக்கு நீங்க போய்ப் பார்த்தப்போ துவாரம் எப்படி இருந்துச்சு?”

“அடைச்சிருந்துச்சு. கோடாலிக் காம்பால குத்தி எடுத்துப் போட்டேன்.”

“எது மாதிரி அடைச்சிருந்துச்சு?”

“பனி மாதிரி.”

மேடம் சிரிக்கவில்லை. “ஐயா, ஜெயில்ல வெந்நீர் கிடையாது. உங்க நெஞ்சு இரைக்கறது இங்க வரைக்கும் கேக்குது. எத்தனை குளிர்காலம் தாங்குவீங்க?”

பெரியவர் யோசித்தார். ஒரு விரலைக் காட்டினார். அதிலும் பாதியை மடக்கினார்.

“அப்புறமும் நான்தான்னு சொல்லுவீங்களா?”

“நான்தாம்மா.”

வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: “மறந்தவன் வருத்தப்படுவான், தொகுரா. இவர் மூட்டை கட்டியிருக்காரு.”

நரிக் குடிலின் பின்பக்கம் போனோம். கூரை இறக்கத்துக்குக் கீழே, ராத்திரிப் பனி எட்டாத மூலையில், மொசுகே குத்தி எடுத்த பனி கட்டி கட்டியாகக் கிடந்தது. உறைந்து கல்லாகியிருந்தது. மேடம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். குனிவது உதவியாளன் வேலை. நாலாவது கட்டியைப் புரட்டினேன்.

“மேடம், இந்தப் பனிக்கு ஒரு நாரை இருக்கு.”

“என்ன உளர்றே?”

“நீங்களே பாருங்க. ஒத்தைக் கால்ல நிக்குது. வானத்துலேருந்து விழற பனி இதுவரைக்கும் படம் வரைஞ்சு நான் பார்த்ததில்லை.”

கட்டியின் ஒரு முகம் வட்டமாக, வழவழவென்று இருந்தது. நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நாரை புடைத்து நின்றது. ஒவ்வொரு குடிலிலும் குளிக்க மரவாளிகள் உண்டு. ஒன்றின் வாளி இன்னொன்றுக்குப் போய்விடக் கூடாது என்று அடிப்பாகத்தில் அந்தந்தக் குடிலின் பிராணியைச் செதுக்கியிருப்பார்கள்.

“துவாரத்துல பனியைத் திணிச்சிருக்காங்க,” என்றார் மேடம். “அப்புறம் வாளியோட அடியால இடிச்சு இறுக்கியிருக்காங்க.”

“மறதிக்கு வாளி எதுக்கு?”

“அதேதான். இது கொலை.”

“கொலையா!” என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பிறகு அந்தக் கட்டியை ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, மாப்பிள்ளைக்குச் சீர் கொண்டு போகிறவன் மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே வந்தேன்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு நாரைக் குடிலில் குளித்தவர்கள் சுவாபே தம்பதி. கணவர் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். செவ்வாய்க்கிழமை மகாபே குறித்த நேரத்துக்கு மேல் நாற்பது நிமிடம் நரியில் ஊறி, வெளியே இவர்களைக் குளிரில் நிறுத்தி வைத்திருந்தார். அதற்கு இரண்டு பேருக்கும் சாப்பாட்டு அறையில் வாக்குவாதம் நடந்தது. மகாபே அவரைக் கொசு என்றார். அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். குரல் சின்னது, யாருக்கும் கேட்கவில்லை.

“நாரையில நேத்து அஞ்சு மணிக்கு நீங்கதானே, சார்?” என்றேன்.

“ஆமா. ஆனா எங்களுக்கும் அந்தக் கொலைக்கும்...”

“கொலைன்னு யார் சொன்னா?” என்றேன், கண்ணைச் சுருக்கி.

“நீங்கதான் இப்ப பின்னாடி நின்னு கத்தினீங்க,” என்றார் சுவாபேயின் மனைவி. “மானுக்குள்ள குளிச்சிட்டிருந்தா அங்கயும் கேட்டிருக்கும்.”

எங்கள் தொழிலில் இப்படிச் சில பின்னடைவுகள் வரும். மேடம் என்னைத் தாண்டி உட்கார்ந்தார்.

“வாளி பத்திக் கேக்கணும்மா. நாரையில மொத்தம் எத்தனை இருந்துச்சு?”

“கேட்டீங்களா! மூணு இருக்கணும், ரெண்டுதான் இருந்துச்சு. புகார் சொல்லலாம்னேன். இவர்தான் வேண்டாம், வேண்டாம்னாரு. இவர் எதுக்குத்தான் வேணும்னிருக்காரு?”

“குளிச்சு முடிச்சு வெளிய வந்தப்போ?”

“மூணாவது வாளி கதவுக்கு வெளிய நின்னுச்சு. அடியெல்லாம் பனி.”

மேடம் என்னைப் பார்த்தார். எனக்கும் புரிந்தது. இவர்கள் உள்ளே தாழிட்டுக்கொண்டு இருக்கும்போது வாளி தானாகத் திரும்பி வந்திருக்கிறது. கொசு கொலை செய்யவில்லை.

“ஆனா எங்க தப்பும் ஒண்ணு இருக்கு,” என்றார் சுவாபே. அவருக்காக நாங்கள் மூவரும் முன்னால் சாய்ந்தோம். “முதல்ல நரிக்குத்தான் போனோம். அவர் முடிச்சிட்டாரான்னு பார்க்க. முடிச்சிட்டாருன்னு நினைச்சேன். செருப்பு ரெண்டும் ஜோடியா, வராந்தா பக்கம் பார்த்துத் திருப்பி இருந்துச்சு. இதோ கதவைத் திறந்துடுவார்னு அஞ்சு நிமிஷம் நின்னோம். திறக்கலை. அப்போ தட்டியிருந்தா...”

“தட்டியிருந்தா மறுபடி கொசுன்னிருப்பான்,” என்றார் மனைவி. ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் தாம்பாளத்தைக் கீழே வைத்தேன். “மேடம், அது முடியாது.”

“எது?”

“நாலு முப்பத்தஞ்சுக்கு நான் மானுக்குக் குளிக்கப் போனேன். நரி வாசல்ல மகாபே செருப்பு தடுக்கி விழுந்தேன். ஒண்ணு குப்புறக் கிடந்துச்சு, இன்னொண்ணு ரெண்டடி தள்ளி சுவரோரம். அந்த ஆள் செருப்பைக் கழட்டறது கிடையாது, உதறுவான். மூணு நாளா எந்த வாசல்லயும் அப்படித்தான். அவன் எப்படி ஜோடியாத் திருப்பி வைப்பான்?”

மேடம் எழுந்து வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். துப்பு கிடைத்தால் மேடம் முகம் மலரும். இப்போது, பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தடவுகிறவர் போல இருந்தார்.

“சொல்லு, தொகுரா. நாலு முப்பத்தஞ்சுக்கும் அஞ்சுக்கும் நடுவுல அந்தச் செருப்பைத் திருப்பினது யாரு?”

“மகாபே இல்லை. அந்த நேரத்துல அவருக்கு வேற வேலை. செத்துட்டிருந்தாரு.”

“விருந்தாளிங்க?”

“அடுத்தவன் செருப்பை எவன் தொடுவான்?”

“மொசுகே?”

“அவர் ரப்பர் பூட்ஸோட பின்பக்கமாவே வந்து பின்பக்கமாவே போறவர். கோடாலியோட வந்தது தவிர வராந்தால கால் வெச்சதில்லை. அவர் செருப்பையே அவர் நேரா வெச்சு நான் பார்த்ததில்லை. ஹிசாயோ அம்மாவும் இல்லை. நாலு மணிலேருந்து கோடாலிச் சத்தம் கேக்கற வரைக்கும் உங்களோட சீட்டு விளையாடித் தோத்துட்டிருந்தாங்க.”

“மிச்சம்?”

விடுதியில் இருப்பவர்களை விரல் விட்டு எண்ணினேன். கட்டை விரலில் நின்றேன். அந்தக் கூடுதல் முட்டை நினைவுக்கு வந்தது. கையை மடக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

“சும்மா அந்தப் பக்கம் போனப்போ திருப்பி வெச்சிருக்கலாமே, மேடம்.”

“இருக்கலாம். அதைத்தான் கேக்கப் போறோம்.”

மணி பத்தேகால். சாப்பாட்டு அறைக்குள் மேடமும் ஹிசாயோ அம்மாவும் போனார்கள். போகும்போது மேடம் தன் செருப்பை மகாபே பாணியில் உதறினார். ஒன்று குப்புற விழுந்தது, மற்றது தூணுக்குப் பின்னால் போனது. என்னை எதிரே மாடிப்படியில் உட்கார வைத்து, “கண்ணைக் கொட்டாம பாரு” என்றிருந்தார்.

கினு தேநீர்த் தட்டோடு வந்தாள். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். நடந்தால் பலகை முனகாது. கதவுக்கு வெளியே மண்டியிட்டாள். தட்டைத் தரையில் வைத்தாள். அவள் கண் கதவின் காகிதத்தில் தெரிந்த இரண்டு நிழல்களின் மேல் இருந்தது. அவள் வலக்கை தனியாகக் கிளம்பியது. குப்புறக் கிடந்ததை நிமிர்த்தியது, தூணுக்குப் பின்னால் தேடி மற்றதை எடுத்தது, இரண்டையும் ஜோடி சேர்த்து நுனிகளை வராந்தா பக்கம் திருப்பியது. வெளியே வருகிறவர் குனியாமல், தடுமாறாமல் காலை நுழைத்துக்கொள்ளலாம். பிறகு கதவைத் தள்ளி உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் நானும் போனேன்.

“கினு, நேத்து சாயங்காலம் எங்க இருந்தே?” என்றார் மேடம், தேநீரை ஊதியபடி.

“துவைக்கிற அறையில, மேடம். நாலுலேருந்து ஆறு வரைக்கும்.”

“குடில் பக்கம்?”

“போகவே இல்லை.”

“சரி. இப்ப என் செருப்பை யார் திருப்பி வெச்சது?”

கினு திரும்பி வாசலைப் பார்த்தாள். “தெரியலையே. அப்படியேதான் இருந்துச்சு. நான் தொடலையே, மேடம்.”

அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் பயங்கரமாக இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு தன் வலக்கையைப் பார்த்தாள். யாரோ கொண்டு வந்து மடியில் போட்டுவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது மாதிரி.

“நரி வாசல்லயும்...” என்றாள்.

“ஆமா,” என்றார் மேடம். “பின்பக்கம் போய்த் துவாரத்தை அடைச்சே. வாளியைத் திருப்பி வைக்கறதுக்காக வராந்தா வழியா வந்தே. வழியில அவன் செருப்பு சிதறிக் கிடந்துச்சு. சுவாபே குரல் கேட்டு ஒளியறதுக்கு முன்னாடி, அதை ஒழுங்கா எடுத்துத் திருப்பி வெச்சிருக்கே. அவன் வெளிய வர்றதுக்கு வசதியா.”

வெளியே வரவே கூடாது என்று சற்று முன்னால்தான் அவள் பனியை இடித்து இறுக்கியிருந்தாள்.

ஹிசாயோ அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். “கினு, ஏன்டி? யாருடி அவன்?”

“என் புருஷன்மா. நான் கினு இல்லை. பேரை விடுங்க. அந்தப் பேர்ல கூப்பிட்டா எனக்கு இப்பவும் காது வலிக்கும். வலது காது கேக்காது. அவன் அடிச்சது.” அவள் குரல் இன்றைய சாப்பாடு என்ன என்று சொல்கிற அதே குரலாக இருந்தது. “ஆறு வருஷம் முன்னாடி வெறும் வீட்டுச் செருப்போட ஓடி வந்தேன். கீழ பஸ் நிறுத்தத்துல பனியில நின்னுட்டிருந்தேன். மொசுகே ஐயா வந்தாரு, எதுவும் கேக்கலை. அவர் சம்சாரத்தோட பூட்ஸ் கொண்டாந்து குடுத்தாரு. அதைப் போட்டுக்கிட்டு இங்க ஏறி வந்தேன்.”

“மகாபே உன்கிட்ட என்ன சொன்னான்?”

“நேத்து நாலு மணிக்கு வராந்தால நிறுத்தினான். ‘ரோடு வியாழக்கிழமை திறக்குதாம். பன்னெண்டு மணிக்கு மூட்டையோட வாசல்ல நில்லு. அதுவரைக்கும் நான் ஜாலியா குளிக்கறேன்’னான். முதுகு தேய்க்க வர்றியான்னும் கேட்டான்.” அவள் நிறுத்தினாள். பிறகு மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள். “மேடம், நீங்க போலீஸ்ல இருந்தவங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எப்படி என்னைக் கண்டுபிடிச்சான்? எங்க அம்மாவுக்குக்கூட நான் லெட்டர் போட்டதில்லை. திங்கக்கிழமை அவன் பஸ்ஸை விட்டு இறங்கறப்பவே அடுப்படி ஜன்னல்ல பார்த்துட்டேன். காய்ச்சல்னு பொய் சொல்லி ஹிசாயோ அம்மாவைப் பரிமாற வெச்சேன். அவன் கண்ணுல படவே இல்லை. மறுநாள் காலையில பார்த்தா என் அறை வாசல்ல நின்னு சிரிக்கறான். யார் காட்டிக் குடுத்தது?”

மேடம் தேநீரைக் கீழே வைத்தார். அவருக்குப் பதில் தெரியும். சொல்ல விருப்பமில்லை என்பதும் தெரிந்தது.

“வேண்டாம், கினு.”

“சொல்லுங்க. ஆறு வருஷம் ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தவ நான். எனக்குத் தெரியணும்.”

“திங்கக்கிழமை சாப்பாட்டுத் தட்டுகளை யார் அடுக்கினது?”

“நான்தான். எல்லாரும் குளிச்சிட்டு வர்றதுக்கு முன்னாடி வெச்சிட்டு அறைக்குப் போயிட்டேன்.”

“அஞ்சு தட்டு. நாலுல சாப்பிடற குச்சிகளோட நுனி இடப்பக்கம் பார்த்து இருந்துச்சு. ஒண்ணுல மட்டும் வலப்பக்கம். இடக்கைக்காரங்களுக்கு வைக்கற மாதிரி. மகாபே இடக்கைன்னு அன்னிக்கு இந்த விடுதியில யாருக்கும் தெரியாது. வந்து ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு, ஒரு வாய் சாப்பிடலை. நான் அதைப் பார்த்தேன். நல்ல விடுதி, கேட்டு வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். அவனும் பார்த்தான்.”

வேகவைத்த கிழங்கைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போது புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

கினுவின் உதடு அசைந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. “அப்போ... அவன் என்னைத் தேடி வரலையா?”

“இல்லை. குளிக்கத்தான் வந்தான்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் திரும்ப அடுக்கினாள். பிடி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி. பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“ஐயாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றாள்.

“நீ சொல்லலையா?”

“நான் யாருக்கும் சொல்லலை. அவர் ஒத்துக்கிட்டார்னு கேட்டப்போ... ராத்திரி முழுக்க யோசிச்சேன், மேடம். பேசாம இருந்துடலாம்னு. வயசானவர், மறதின்னா மன்னிச்சு விட்டுடுவாங்கன்னு. அப்படி நினைச்சேன். நான்தான் நினைச்சேன்.”

மேடம் என்னை மொசுகேயிடம் அனுப்பினார். பெரியவர் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதற்கு, “செருப்பைப் பார்த்தேன்” என்றார். “அந்த ஆள் செருப்பு அவ்வளவு அழகா இருந்துச்சு. இங்க அப்படி வைக்கிற கை ஒண்ணுதான் இருக்கு.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “தம்பி, அந்த வாளி அடையாளம் இருக்கற பனிக்கட்டி உங்ககிட்ட இருக்காமே?”

“இருக்கு.”

“எங்க வெச்சிருக்கீங்க?”

சுவாபே தம்பதியின் அறையில் வைத்திருந்தேன். கணப்புக்குப் பக்கத்தில். ஓடிப் போய்ப் பார்த்தேன். பித்தளைத் தாம்பாளத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் இருந்தது. நாரை பறந்துவிட்டது. வேண்டுமென்றே அங்கே வைத்தேனா என்று மேடம் பிறகு கேட்டார். இல்லை. நான் அவ்வளவு புத்திசாலி இல்லை. ஆனால் தாம்பாளத்தைக் கொண்டு வந்து அவர் முன் வைத்தபோது மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை.

“கினு,” என்றார். “என்கிட்ட இருந்தது இந்தத் தண்ணியும் ஒரு ஜோடி செருப்பும்தான். நான் இப்ப போலீஸ் இல்லை. இடுப்பு வலிக்காரி. பன்னெண்டு மணிக்கு அவங்க கேட்டா, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவேன், பொய் சொல்ல மாட்டேன். கேக்கலைன்னா நானாப் போய்ச் சொல்லவும் மாட்டேன். ஒத்துக்கிட்ட ஆள் வாசல்ல நிக்கறப்போ அவங்க வேற யாரையும் கேக்க மாட்டாங்க. அவங்களை எனக்குத் தெரியும்.”

“ஐயா எவ்வளவு நாள் தாங்குவார்?”

நான் விரலைக் காட்டினேன். அவர் காட்டியது போலவே, பாதியை மடக்கி.

கினு எழுந்து தன் அறைக்குப் போனாள்.

பதினொன்றே முக்காலுக்குப் பனி வண்டியின் உறுமல் கீழே வளைவில் கேட்டது. ஹிசாயோ அம்மா கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சுவாபே ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. மொசுகே மூட்டையோடு முன்வாசலுக்கே வந்து நின்றார். நாற்பத்தோரு வருடத்தில் முதல் முறையாக முன்வாசல். வெளியே வெயில் பட்ட பனி கண்ணைக் கூசவைத்தது. அந்த வெளிச்சத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் மேடேறி வந்தார்கள். ஒருவன் என் வயதுதான் இருப்பான்.

“மொசுகேங்கறது யாரு?”

“நான்தாங்க.” பெரியவர் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினார்.

அப்போது உள்ளே பலகை முனகியது. கினு நடந்து பலகை முனகியதை நான் கேட்டது அன்றுதான். ஏப்ரனைக் கழற்றியிருந்தாள். கையில் எதுவும் இல்லை.

வாசற்படிக்குக் கீழே, செருப்பு விடும் கல்லின் மேல், அவளுடைய பூட்ஸ் இருந்தது. வழக்கமாக அது பின்கட்டு அலமாரியில் கிடக்கும். யாரோ எடுத்து வந்து நுனிகளைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். பழக்கமில்லாத கை. ஒன்று முன்னால் போயிருந்தது, மற்றது கோணலாக நின்றது, நடுவில் ஒரு முழம் இடைவெளி. போலீஸ் தன்னைக் கூட்டிக்கொண்டு இறங்கியதும், திறந்த பாதையில் அவள் பாட்டுக்கு நடந்து போய்விடட்டும் என்று பெரியவர் நினைத்திருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கினு அந்தப் பூட்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒழுங்குபடுத்த அவள் கை நீளவில்லை. கோணலாக இருந்தபடியே காலை நுழைத்தாள். நுழைத்ததும் ஒரு நொடி நின்றுவிட்டாள். ஊற்றுக் குழாயின் மேல் வைத்துச் சூடுபடுத்தியிருந்தார் போல.

பிறகு மொசுகேயைத் தாண்டி முன்னால் போனாள். அவர் நீட்டியிருந்த கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். போலீஸ்காரர்களுக்கு முன்னால் நின்று, இந்த விடுதிக்கு வருகிற எல்லோருக்கும் செய்வது போல இடுப்பு வரை குனிந்தாள்.

“வாங்க, ரொம்ப தூரம் வந்திருக்கீங்க,” என்றாள். “நீங்க தேடி வந்தது என்னைத்தான்.”